ஞாயிற்றுக்கிழமை ஊதிய சங்கு

ஆவடி,
8.6.2025

மொட்டை அண்ணனுக்கு, முழுக் கூந்தலோடு தங்கை எழுதுவது:

இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் உன் தலையும் நலமா? ராஜஸ்தானில் உனக்கு முடிவெட்டிய படத்தை அப்பா ஃபேக்டரி முழுக்கக் காட்டிவிட்டார். இனி நீ எழுதுவதெல்லாம் மொட்டைக் கடிதம்தான். சிப்பாய்ப் பயிற்சி முகாமில் உன் போனைப் பிடுங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இன்லேண்ட் லெட்டரை எப்படி மடிப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. இது மூன்றாவது, முதல் இரண்டையும் மடிக்கத் தெரியாமல் கிழித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கொரட்டூரில் சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி. ஒலி, படம் இரண்டையும் வைத்துக் கதை சொல்லக் கற்றுத்தருகிறார்கள். நடத்துவது ஆக்னஸ் அக்கா. உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். ஆளுக்கு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அது நமக்கு ஏன் முக்கியம் என்று மூன்று நிமிஷப் படமாக எடுக்க வேண்டும். எல்லோரும் சினிமாப் பாட்டைச் சொன்னார்கள். நான் அம்மா பாட்டைச் சொன்னேன்.

'தேவா தேவா எந்திரு
தேய்ச்ச சட்டை மாட்டிரு
சங்கு ஊதி ஓயுமுன்ன
சாக்ஸுக்குள்ள காலை விடு.'

ஆக்னஸ் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் காலை ஏழரைக்கு ஃபேக்டரி சங்கு ஊதும், அம்மா மூன்றாவது வரியில் நிறுத்திக் காத்திருப்பாள், சங்கு ஓய்ந்த பிறகுதான் கடைசி வரி வரும் என்று விளக்கினேன். இதில் உன் பெயர் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டுமாம். ஒருவர் பெயரையோ குரலையோ கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது அங்கே முதல் சட்டம். படிவத்தைத் தனி உறையில் அனுப்புகிறேன். பதினாறு வருஷமாக அந்தப் பாட்டில் என் பெயருக்கு இடமில்லை, அதையும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு மாதமாகக் குரல் கரகர. எல்.கே.ஜி.யில் நாற்பத்திரண்டு பேரைக் கத்தி அடக்கினால் வேறென்ன ஆகும்? ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி இருக்கிறாள். மற்றபடி சுகம்.

பாட்டில் இடம் கிடைக்காத
ஷர்மிளா


பயிற்சி முகாம்,
17.6.2025

ஷர்மிக்கு,

நலம். நலமில்லாதவை இரண்டு, இரண்டும் பாதங்கள். பூட்ஸ் கடித்துக் கொப்புளம்.

படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். அம்மா காலையில் என்னைத் திட்டுவதை நீ திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, என் போனில் அலாரமாக வைத்தது ஞாபகமிருக்கிறதா? பாலிடெக்னிக்கில் வகுப்பு நடக்கும்போது அடித்தது. மூன்று வருஷம் என்னை எல்லோரும் 'எந்திரு' என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயரை விட்டுவிடு.

அம்மாவை மிளகுப் பால் குடிக்கச் சொல். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, ஆளுக்கு மூன்று நிமிஷம் முகாம் போனில் பேச விடுகிறார்கள். முதல் முறை 22ஆம் தேதி. அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்.

அம்மாவுக்கு டெங்கு என்றதும் நான் ஹாஸ்டல் சுவரைத் தாண்டி ஓடி வந்தேனே, இங்கே போன வாரம் ஒருவன் அப்படிப் போனான். மறுநாளே அவன் படுக்கையைச் சுருட்டிப் பெயரை அடித்துவிட்டார்கள். மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய இடம் இது. அதனால் வீட்டில் எல்லோரும் தயவுசெய்து நன்றாக இருங்கள்.

தேவா


ஆவடி,
24.6.2025

கொப்புளத் திலகத்துக்கு,

உன் பாதங்களின் நலம் அறிய ஆவல். தேங்காய் எண்ணெய் தடவு என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

22ஆம் தேதி நீ கூப்பிட்டபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா சொன்னாரே, அதேதான். பெரிய கடை, பெரிய வரிசை.

இதுவரை வீட்டில் என்னை வெட்டி என்றீர்கள். இப்போது வெட்டி ஒட்டுவதுதான் என் படிப்பே. பேச்சில் இருமலை வெட்டலாம், வார்த்தையை இடம் மாற்றலாம். போன சனிக்கிழமை ஆக்னஸ் அக்கா எங்களை ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து அதையே பதிவு செய்யச் சொன்னாள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சும்மா சத்தம் இருக்கிறதாம். அதை அடியில் ஓடவிட்டால்தான் வெட்டிய இடம் தெரியாதாம். போட்டுக் கேட்டோம். ஃபேன் சத்தம், தூரத்தில் மின்சார ரயில், யாருடைய வயிறோ. 'நீங்க தினமும் கேக்கற சத்தம் உங்க காதுல விழாது, அதத்தான் முதல்ல தேடணும்' என்றாள். நான் என் வயிற்றைத்தான் தேடினேன்.

கையெழுத்தைப் பற்றி இன்னொரு முறை யோசி.

ஷர்மிளா


பயிற்சி முகாம்,
8.7.2025

ஷர்மிக்கு,

நலம். துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள், குண்டு கொடுக்கவில்லை.

முதல் முறை கடை. போன ஞாயிறு கூப்பிட்டபோது குளிக்கிறாள் என்றார் அப்பா. நாலு மணிக்கு அம்மா எப்போது குளித்திருக்கிறாள்? உன் கடிதத்தில் வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரு பக்கம், அம்மாவின் தொண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டிருந்தேன்.

20ஆம் தேதி கூப்பிடுகிறேன். அம்மா பேசட்டும்.

தேவா


ஆவடி,
11.7.2025
(அனுப்பாதது)

அண்ணா,

இதை அனுப்பப் போவதில்லை. எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் குரல்வளையில் ஒரு கட்டி. நேற்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். என்னவாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தையை நாங்கள் மூன்று பேரும் திருப்பிச் சொல்லவில்லை. அப்பா வார்டு வாசலில் 'அமைதி காக்கவும்' என்ற பலகையையே அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தார். மொத்தமே இரண்டு வார்த்தை.

24ஆம் தேதி வரை அம்மா வாயைத் திறக்கவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. எல்.கே.ஜி. ஸ்லேட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறாள். மயக்கம் தெளிந்து முதலில் எழுதியது இது: 'தேவாகிட்ட சொல்லாதே. ஓடி வந்துடுவான்.' ஓடி வந்துடுவான் என்பதன் கீழே இரண்டு கோடு.

20ஆம் தேதி நீ கூப்பிடுவாய். உன் பழைய போன் அலமாரியில் இருக்கிறது. அலாரத்துக்காக நான் பதிவு செய்த அம்மா குரல் அதில் பதினொன்று இருக்கிறது, எல்லாமே காலைத் திட்டு. வெட்டினால் மூன்று நிமிஷத்துக்குத் தேறும். அப்பாவிடம் சொன்னேன். 'தப்புதான்' என்றார். கொஞ்சம் கழித்து, 'சரியா வருமா?' என்றார்.

நான் செய்ததிலேயே பெரிய குறும்பு இது. சிரிப்புதான் வரவில்லை.

ஷர்மி


ஆவடி,
21.7.2025

திட்டு வாங்கிய செம்மலுக்கு,

நேற்று மூன்று நிமிஷமும் அம்மாவிடம் அர்ச்சனை கேட்டாயே, மனசு நிறைந்ததா? எப்படி இருக்கே என்று நீ கேட்டதற்கு 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்றாள். கால் வீங்கியிருக்கிறது என்று நீ சொன்னதற்கு 'பனியனை எங்க கழட்டிப் போட்ட?' என்று கேட்டாள். வயசாகிறது, கண்டுகொள்ளாதே. கடைசியில் 'சரி சரி, நேரமாச்சு, பாத்துப் போ' என்றாளே, அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

இங்கே சும்மா சும்மா மழை. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ நிம்மதியாகச் சுடு.

ஷர்மிளா


பயிற்சி முகாம்,
22.7.2025

ஷர்மி,

நலம் விசாரித்து எழுதத் தெம்பில்லை.

ஞாயிறு போனை வைத்துவிட்டு நன்றாகத்தான் இருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு அம்மா திட்டியதை நடித்துக்கூடக் காட்டினேன். இன்று காலை ஓட்டத்துக்கு விசில் அடித்தபோதுதான் உறைத்தது. 'நேரமாச்சு, பாத்துப் போ' என்று அம்மா சொன்னபோது பின்னால் நம் ஃபேக்டரி சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எவன் சங்கு ஊதுகிறான்?

அது பழைய குரல். நீ வெட்டி ஒட்டியது. அப்பா பக்கத்தில் இருந்தும் தடுக்கவில்லை என்றால் அது விளையாட்டில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா இருக்கிறாளா?

என் நண்பன் டில்லிபாபுவுக்கும் எழுதியிருக்கிறேன், அவன் நேரில் வந்து பார்ப்பான். ஆகஸ்ட் 3ஆம் தேதி நாலு மணிக்குக் கூப்பிடுவேன். அம்மா பேச வேண்டும், நான் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். பெயரை அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

தேவா


ஆவடி,
29.7.2025

அண்ணா,

அம்மா இருக்கிறாள். இருக்கிறாள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அதை முதலில் படி. படித்துவிட்டாயா? இப்போது இது. 25ஆம் தேதி முடிவு வந்துவிட்டது. ஒன்றுமில்லை. கத்திக் கத்தியே வந்த வெறும் கட்டிதானாம். டாக்டர் சொன்னதும் அப்பா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைக் குலுக்கினார், அடுத்த நோயாளியின் கையையும் குலுக்கினார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு மாதத்துப் பேச்சு.

ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரம் அம்மா பேசலாம். பதினாலு நாள் மௌனத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை 'உப்பு'. நான் வைத்த சாம்பார். குரல் மாறியிருக்கிறது, அதற்குத் தயாராக இரு. அடுத்த வீட்டு ஆள் பேசுகிற மாதிரி தடிமனாக இருக்கிறது. போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள், ஆகாமலும் போகலாமாம்.

20ஆம் தேதி உன் போனை அப்பா போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து தன் குரல் உன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பனியன் வந்தபோது சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை. அந்தச் சங்கு எங்கள் மூன்று பேர் காதிலும் விழவில்லை, அண்ணா. அதன் கீழே இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அப்பாவுக்குக்கூட. ஃபேன் சத்தத்தை எடுத்தேன், குக்கர் விசிலை எடுத்தேன், சங்கை மட்டும் சத்தமென்றே நினைக்கவில்லை. ஆக்னஸ் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. 'யார் கிட்டக் கேட்டு அந்தக் குரல எடுத்த?' என்று மட்டும் கேட்டாள். மன்னித்துவிடு.

கீழே அம்மா எழுதுகிறாள். எழுதும்போது என்னைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டாள்.

ஷர்மி

தேவா கண்ணு, நான் நல்லா இருக்கேன். சொல்லக்கூடாதுன்னது நான்தான், அவளைத் திட்டாதே. 3ஆம் தேதிக்காக இன்னையிலேருந்து குரலை மிச்சம் பிடிக்கிறேன். ஓடி வந்தா வாசல்லயே நிக்க வெப்பேன். அம்மா.


அம்பத்தூர்,
29.7.2025

மச்சான் தேவாவுக்கு டில்லிபாபு எழுதிக்கிறது,

நான் நல்லா கீறேன், நீ நல்லா கீறியா? லெட்டர் எய்தி பயக்கமில்ல, தப்பு இருந்தா கண்டுக்காத.

உன் லெட்டரு கெடச்சதும் லேத்துப் பட்டறைல ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுகினு உன் ஊட்டுக்குப் போனேன். கதவ ரெண்டு தபா தட்டுனேன் மாமே. உங்கம்மாதான் தொறந்துச்சி. என்னாண்ட ஒண்ணுமே பேசல. எனக்கு திக்குனு ஆயிடுச்சி. அப்புறம் ஸ்லேட்ட எடுத்து 'டீ குடிக்கிறியா'ன்னு எய்திக் காட்டுச்சி. இன்னிக்கு பேசற கோட்டா முடிஞ்சிருச்சாம். ஆவி டீ போட்டுக் குடுக்காது மச்சான், அதனால உயிரோடதான் கீது. சக்கர கொஞ்சம் கம்மி.

உன் தங்கச்சிய நாலு வார்த்த கேக்கலாம்னுதான் போனேன். அது மூஞ்சப் பாத்துட்டு சும்மா வந்துட்டேன். நீ அங்கயே ஒயுங்கா இரு.

உன் நண்பன்
டில்லிபாபு


பயிற்சி முகாம்,
5.8.2025

ஷர்மிக்கு,

நலம். இந்த வார்த்தையை இப்போதுதான் அர்த்தத்தோடு எழுதுகிறேன்.

உன் கடிதமும் டில்லி கடிதமும் நேற்றுதான் கைக்கு வந்தன. 3ஆம் தேதி நாலு மணிக்கு வரிசையில் நின்றபோது எனக்கு ஒன்றும் தெரியாது. பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தேன்.

போனை எடுத்ததும் யாரோ 'தேவா' என்றார்கள். எனக்குத் தெரியாத குரல். யார் பேசறது என்றேன். 'உங்கம்மாடா.' நான் நம்பவில்லை. இந்தத் தடவை ஆளையே பிடித்து உட்கார வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். என்னென்னவோ கத்தினேன், எனக்கே நினைவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு அந்தக் குரல் பாட ஆரம்பித்தது. தேவா தேவா எந்திரு. ராகமே இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் எதையோ உரசிக்கொண்டு வந்தது. பாட்டை யாருக்கு வேண்டுமானாலும் நீ சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று அப்போதும் நினைத்தேன். 'சங்கு ஊதி ஓயுமுன்ன' என்றதும் நின்றுவிட்டது. அப்படியே நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், கட்டாகவில்லை. மூச்சு கேட்டது. காத்துக்கொண்டிருந்தாள், ஷர்மி. ஞாயிற்றுக்கிழமை, சங்கு ஊதாது என்று தெரிந்தும், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். எவளைப் பிடித்து உட்கார வைத்தாலும் அவளுக்கு அங்கே நிற்கத் தெரியாது.

சங்கு இல்லை, அதனால் நானே ஊதினேன். வாயால். நீளமாக, நம் ஃபேக்டரி சங்கு இறங்குகிற மாதிரியே இறக்கி. பின்னால் இருபது பேர் வரிசையில், ஹவில்தார் மேஜையில். நான் ஓய்ந்ததும் அம்மா சொன்னாள்: 'சாக்ஸுக்குள்ள காலை விடு.'

மூன்று நிமிஷம் முடிந்தது. ஹவில்தார் மைதானத்தை நாலு சுற்று ஓடச் சொன்னார். கொப்புளம் வலிக்கவே இல்லை. வந்து பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கி வைத்தேன்.

நீ அதைப் பதிவு செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயர், என் குரல், நான் ஊதிய சங்கு மூன்றையும் எடுத்துக்கொள். ஒரே நிபந்தனை, எதையும் வெட்டாதே. அம்மாவிடமும் கையெழுத்து வாங்கு. உன்மேல் கோபம் இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது வைத்துக்கொள்கிறேன்.

தேவா


ஆவடி,
25.8.2025

சங்கு வித்வானுக்கு,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் தனித்தனியாக.

சனிக்கிழமை கொரட்டூரில் திரையிட்டார்கள். என் படம் ஏழாவது. திரையில் மேஜை, மேஜையில் அப்பா போன், பக்கத்தில் ஸ்லேட்டு, அம்மா கை. மூன்று நிமிஷமும் அவ்வளவுதான். நீ கத்தியதும் இருக்கிறது, அம்மா பேசாமல் இருந்ததும் இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சும்மா சத்தம் மட்டும் ஓடியது. ஃபேன், குழாய்ச் சொட்டு, அப்பா செருமல். பத்து வாரம் வெட்டக் கற்றுக்கொண்டு வெட்டாத படம் எடுத்தவள் நான் ஒருத்திதான். நீ சங்கு ஊதியதும் எல்லோரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆக்னஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவங்களைக் கேட்டாள். உன்னுடையதைக் கொடுத்தேன். அம்மாவுடையதையும் கொடுத்தேன். அதில் அம்மா, 'என் குரல், எப்படி இருந்தாலும்' என்று எழுதியிருந்தாள்.

உன் பழைய போனில் இருந்த பதினொன்றையும் அம்மாவிடம் போட்டுக்காட்டி அழிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பனியனை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்தாள், கோட்டாவில் இரண்டு நிமிஷம் போயிற்று.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஏழு இருபத்தெட்டுக்கு அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அரை மணி நேரத்திலிருந்து எடுத்துப் பாடினாள், அந்தத் தடித்த குரலில்.

'ஷர்மி ஷர்மி எந்திரு.'

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாவது வரியில் நின்றாள். சங்கு ஊதியது, நிஜச் சங்கு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது என் காதில் விழுந்தது. ஓய்ந்தது. கடைசி வரியும் வந்தது. நான் அசையவில்லை.

கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

ஸ்கூலுக்கு லேட். வெளியே நிற்க வைத்தார்கள். நின்றபடிதான் இதை எழுதுகிறேன்.

பாட்டில் இடம் கிடைத்த
ஷர்மிளா